ஒன்பது பேர், இரண்டு வகைச் சைக்கிள், ஒரு பருவம்

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கும் நாங்கள் ஒன்பது பேர் மூன்று ஆண்டுகளாக வார இறுதிகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டி வருகிறோம். வரும் பருவத்தில் ஓர் அணியாகப் பதிவுசெய்துகொண்டு சாலைப் பந்தயம், மௌண்டன் பைக் பந்தயம் இரண்டிலும் ஓட ஆசை. ஒரே அணி இரண்டையும் தாங்குமா? பருவத்தை எப்படி அமைத்துக்கொள்வது? பணத்தை எதில் போடுவது?

பதில்:

தாங்கும். ஆனால் ‘அணி’ என்ற சொல்லுக்கு இரண்டு வகைப் பந்தயத்திலும் ஒரே பொருள்தான் என்று எண்ணிக்கொண்டு தொடங்கினால், பருவம் பாதியைத் தாண்டுவதற்குள் உங்களில் நான்கு பேர் தனித்தனியாகப் பெயர் கொடுத்து ஓடிக்கொண்டிருப்பார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பந்தயம் ஓடும் ஓர் அணியின் பொறுப்பை நான் ஆறு பருவங்கள் சுமந்திருக்கிறேன். முதல் இரண்டு பருவங்கள் இந்தக் குழப்பத்திலேயே கழிந்தன. சாலைப் பந்தயத்தில் அணி பந்தயத்துக்கு உள்ளே இயங்குகிறது. ஒருவருடைய வெற்றிக்காக மற்றவர்கள் தங்கள் கால்களைச் செலவிடுகிறார்கள். மௌண்டன் பைக்கில் விசில் ஊதியதும் ஒவ்வொருவரும் தனியாள். அங்கே அணி என்பது முந்தின இரவு செயினைத் துடைத்துக் கொடுத்தவரும், தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி மேட்டில் நிற்பவரும்தான். ஆள் பிரிப்பது, பயிற்சி, செலவு எல்லாமே இந்த வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

முதலில் சாலை. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருடைய உழைப்பில் மிகப் பெரும் பங்கு காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்பவும் கூடுவதால், வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட வேண்டுமென்றால் காற்றுக்காக மட்டும் ஏறக்குறைய 33 விழுக்காடு அதிகத் திறன் வேண்டும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுகிறவருக்கோ அந்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகிறது. சாலைப் பந்தயத்தின் தந்திரம் அத்தனையும் இந்த மிச்சத்தை யார் சேர்த்துவைப்பது, யார் செலவழிப்பது என்ற கணக்குத்தான். ஒன்பது பேரும் நன்றாக ஓட்டினால் போதும், ஒருவர் எப்படியும் ஜெயிப்பார் என்று நினைப்பது இந்தக் கணக்கை அறியாதவர்களின் நம்பிக்கை.

எங்கள் முதல் பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பந்தயம். முடிய 18 கிலோமீட்டர் இருக்கும்போது எங்கள் அணியின் இளையவர் வேறு இரண்டு பேருடன் கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னேறினார். இடைவெளி 40 விநாடி வரை வளர்ந்தது. அந்த மூன்று பேரில் வேக முடிப்பில் அவர்தான் கெட்டிக்காரர். அப்படியே விட்டிருந்தால் முதல் இரண்டு இடங்களில் ஒன்று எங்களுக்குத்தான். அந்த நேரம் பார்த்து எங்கள் அணியின் பலசாலி, கால்கள் நன்றாக இருக்கின்றன என்ற உற்சாகத்தில் கூட்டத்தின் தலைக்கு வந்து இழுக்கத் தொடங்கினார். அவர் பின்னால் மற்ற அணிக்காரர்கள் சுகமாக வரிசை கட்டிக்கொண்டார்கள். கோட்டுக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் எங்கள் பையனை நாங்களே பிடித்துக் கொடுத்தோம். முடிவில் எங்களுக்குக் கிடைத்தவை ஆறாவது இடமும் பதினோராவது இடமும். திரும்பும் வழியில் தட்டு இட்லிக் கடையில் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் அந்தப் பலசாலியே, “அண்ணா, நான் நல்லாத்தானே ஓட்டினேன்?” என்று என்னைக் கேட்டார். உண்மைதான், மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர் அன்று அவருக்குக் காட்டிய எண் அவர் வாழ்க்கையிலேயே அதிகம். தவறு என்னுடையது. யாருக்காக ஓடுகிறோம் என்று முந்தின நாள் நான் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாலைப் பந்தயத்துக்கும் முந்தின இரவு ஒரு துண்டுச்சீட்டில் மூன்று வரி எழுதுவது எங்கள் வழக்கமாயிற்று: இன்று யாருக்காக ஓடுகிறோம், நம்மவர் இல்லாமல் ஒரு கூட்டம் பிரிந்து போனால் துரத்த வேண்டியவர் யார், நம்மவர் அதில் இருந்தால் மற்றவர்கள் எங்கே உட்கார வேண்டும். நாலாவது வரி சேர்த்தால் யாருக்கும் நினைவிருக்காது. சீட்டில் எழுதப்படும் பெயர் பந்தயத்துக்குப் பந்தயம் மாற வேண்டும் என்பதையும் பருவத் தொடக்கத்திலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்கும் ஓட்டக்காரர் வருடம் முழுவதும் இன்னொருவருக்காகக் காற்றை உடைப்பார், அது அவருடைய தொழில். விடுப்பு எடுத்து, வீட்டில் சமாதானம் சொல்லிவிட்டு வந்தவரிடம் அதை எல்லாப் பந்தயத்திலும் கேட்க முடியாது.

அணி முழுவதும் ஒரே வரிசையாக நேரத்தோடு போட்டியிட்டு ஓடும் குழு டைம் ட்ரையல் இந்தப் பாடத்தை இன்னும் கறாராகக் கற்றுத்தரும். அதில் முதலில் கோட்டைத் தொடுகிறவரின் நேரம் கணக்கில்லை. பந்தய விதிப்படி மூன்றாமவரோ நான்காமவரோ கடக்கும் நேரமே அணியின் நேரம். ஆளுக்கு 20 அல்லது 30 விநாடி முன்னால் இழுத்துவிட்டுப் பின்னால் போவது பொதுவான முறை. பலசாலி என்பவர் அதிக நேரம் இழுக்க வேண்டும், அதிக வேகத்தில் இழுக்கக் கூடாது. மணிக்கு 42 கிலோமீட்டரில் போகும் வரிசையை அவர் 46-க்குக் கொண்டுபோனால் பின்னால் நிற்கிறவர் அறுந்துவிடுவார், அவருக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டிவரும். அதேபோல் களைத்தவர் வெட்கப்படாமல் கடைசியிலேயே ஒட்டிக்கொண்டு, “நான் வரல, நீங்க போங்க” என்று ஒரு சுற்றைத் தவிர்க்கப் பழக வேண்டும். இந்த வெட்கத்தைப் போக்கவே எங்களுக்கு எட்டு வாரம் ஆயிற்று.

மேடு வந்துவிட்டால் கணக்கு மாறும். கடல்மட்டத்திலிருந்து 1478 மீட்டர் உயரத்திலிருக்கும் நந்தி மலைக்குப் பெங்களூருக்காரர்கள் ஓட்டும் ஏற்றம் ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர். நீங்களும் நூறு தடவை ஏறியிருப்பீர்கள். அங்கே வேகம் 18, 20 என்று குறைந்துவிடுவதால் ஒட்டி ஓட்டும் மிச்சம் பெரிதாகக் கிடைக்காது, எதிரி புவியீர்ப்பு. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 75 கிலோ இருந்தால், ஒரு கிலோ குறைவது 25 நிமிட ஏற்றத்தில் 20 விநாடியைத் தாண்டாது. ஆகவே இலகுவான சக்கரத்துக்குப் பெரும் பணம் கொடுக்குமுன், அந்த ஒரு கிலோ இடுப்பைச் சுற்றி இல்லையா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பன்னாட்டுச் சைக்கிள் ஒன்றியமான யூசிஐ, சாலைச் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் அந்த எல்லையை எண்ணித் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இனி மௌண்டன் பைக். ஒலிம்பிக்கில் 1996 அட்லாண்டா போட்டியிலிருந்து நடக்கும் கிராஸ் கண்ட்ரி வகைதான் பெரும்பாலும் நம் ஊர்ப் பந்தயங்களுக்கும் மாதிரி: நான்கிலிருந்து ஆறு கிலோமீட்டர் சுற்றுப்பாதை, பல சுற்றுகள், உயர்மட்டத்தில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய ஓட்டம். சாலை ஓட்டக்காரர்கள் இதில் இறங்கியதும் படும் முதல் அடி தொடக்கத்திலேயே விழும். சாலையில் முதல் அரை மணி நேரம் பேசிக்கொண்டே போகலாம். இங்கே அகன்ற வழி சில நூறு மீட்டரில் ஒற்றையடிப் பாதையாகக் குறுகிவிடும். அதற்குள் முப்பதாவது ஆளாக நுழைந்தால் முன்னால் ஒருவர் கல்லில் தடுக்கிக் காலூன்றும்போதெல்லாம் நீங்களும் காலூன்ற வேண்டும். அதனால் முதல் இரண்டு நிமிடம் மூச்சு முட்ட ஓட்டிவிட்டு, அதன் பிறகு அந்த மூச்சுத்திணறலோடேயே ஓட்டப் பழக வேண்டும். முன்னணியில் ஓடுகிறவரின் முதல் சுற்று நேரத்தில் 80 விழுக்காடு அளவுக்கு அவருக்குப் பின்தங்கியவரைப் பாதையிலிருந்து இறக்கிவிடும் விதியும் இந்த வகையில் உண்டு. உங்களில் வலுவான சாலை ஓட்டக்காரர் ஒருவர் முதல் பந்தயத்திலேயே இப்படி இறக்கப்பட்டால் மனம் உடைய வேண்டாம். ஏற்றத்தில் அவர் சம்பாதித்ததை ஒவ்வொரு இறக்கத்திலும் பத்துப் பத்து விநாடியாகத் திருப்பிக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான்.

அணி இங்கே எங்கே இருக்கிறது என்று சொன்னேனல்லவா? கிராஸ் கண்ட்ரியில் தண்ணீர், உணவு, கருவி எதையும் வெளியிலிருப்பவர் ஓட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டுமானால் அதற்கென்று குறித்த பகுதியில்தான் கொடுக்கலாம். அந்தப் பகுதிக்கு வெளியே, தானே சரிசெய்ய முடியாதபடி சைக்கிள் பழுதானால் உருட்டிக்கொண்டோ தூக்கிக்கொண்டோ வர வேண்டியதுதான். தேயிலைத் தோட்டச் சரிவில் நடந்த ஒரு பந்தயத்தில் இரண்டாவது சுற்றில் எங்கள் ஆள் ஒருவருடைய சைக்கிளில் கியர் மாற்றும் பின் டீரெய்லர் பாறையில் மோதி, அதைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர் ஒடிந்துவிட்டது. உள்ளங்கை அளவுகூட இல்லாத அலுமினியத் துண்டு அது. பெரிய அடி வந்தால் சட்டம் தப்பிக்கட்டும் என்பதற்காகவே தான் ஒடியும்படி செய்யப்பட்டது. சிக்கல் என்னவென்றால் பெரும்பாலும் மாடலுக்கு மாடல் அதன் வடிவம் வேறு. பக்கத்துச் சைக்கிளில் கழற்றிப் போட முடியாது. அவர் ஒன்றரை கிலோமீட்டர் சைக்கிளைத் தோளில் சுமந்து அந்தக் குறித்த பகுதிக்கு ஓடிவந்தார். அங்கே நின்றிருந்த எங்கள் அணித்தோழி ஒன்றும் கேட்காமல், ஓட்டக்காரருடைய சீட்டுக்கு அடியில் முந்தின இரவு டேப் சுற்றி ஒட்டியிருந்த மாற்று ஹேங்கரைப் பிய்த்து எடுத்தார். ஆலன் கீயை அவர் கையில் வைத்தார். ஆறு நிமிடம் பிடித்தது. அவர் பதினான்காவதாக முடித்தார். தொடர் புள்ளிக் கணக்கில் அந்தப் பதினான்காம் இடம் கடைசியில் எங்களுக்கு உதவியது.

பாட்டில் கொடுப்பதையும் பழகித்தான் ஆக வேண்டும். பாட்டிலின் கழுத்தை விரல்நுனிகளால் மட்டும் பிடித்து, கையை நீட்டி, ஓட்டக்காரர் நெருங்கும்போது அவர் போகும் திசையிலேயே நாலடி ஓடி, அவர் கை பட்டதும் விட்டுவிட வேண்டும். பிடியை இறுக்கினால் அவர் தோள் திரும்பிவிடும். நின்ற இடத்திலேயே நின்றால் பாட்டில் தெறித்துவிடும். வெற்று மைதானத்தில் அரை மணி நேரம் பயின்றால் வந்துவிடுகிற வேலை, ஆனால் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கும் அணிகள் குறைவு.

பல நாள் மலைப் பந்தயங்கள் இவற்றுக்கு நடுவே நிற்கும் மூன்றாவது வகை. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் பந்தயத்தில் இருவர் ஓர் அணி. எட்டு நாளும் ஒருவருக்கொருவர் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருந்தாக வேண்டும். நம் நாட்டில் இமாச்சலத்தில் நடந்துவரும் எம்டிபி ஹிமாலயா பந்தயமும் நாட்கணக்கில் ஓடுவதுதான். முதல் பருவத்திலேயே அதற்குப் பெயர் கொடுக்காதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. விடுப்பு, ரயில் பயணம், சைக்கிளைப் பெட்டியில் அடைத்து அனுப்புவது, உயரத்துக்கு உடலைப் பழக்குவது என்று மற்ற எல்லாப் பந்தயத்தையும் அது ஒன்றே தின்றுவிடும்.

ஆள் பிரிப்புக்கு வருவோம். ஒன்பது பேரையும் இரண்டிலும் இறக்காதீர்கள். நான்கு பேர் சாலைக்கு. குழு டைம் ட்ரையலுக்கு அது போதும். மூன்று பேர் மலைக்கு, அதாவது மௌண்டன் பைக்குக்கு. மீதி இருவர் இரண்டுக்கும் பொது. இவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பலத்தைப் பார்க்காமல், வார நடுவில் நேரம் உள்ளவர்களாகப் பாருங்கள். பயிற்சியில் மட்டும் எல்லோரும் கலந்துகொள்ளுங்கள். மண்பாதையில் பழகியவர், சிறு சாலைச் சுற்றில் பல சுற்று ஓடும் கிரிட்டீரியம் பந்தயத்தில் மூலை திரும்பும்போது பிரேக்கைத் தொடாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் லேசாக வழுக்கினால் பதறாத குணம் மண்ணில்தான் வரும். சாலை ஓட்டக்காரரிடமிருந்து மலைக்காரர் கற்றுக்கொள்வதோ, ஒரே சீராக ஒரு மணி நேரம் அழுத்தும் பொறுமை. வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் எட்டு முதல் பத்து மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதில் இரண்டு நாள் மட்டும் கடுமையாக, மற்ற நாள்கள் பேசிக்கொண்டே ஓட்டும் அளவுக்கு மெதுவாக ஓட்டுங்கள். எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் ஓட்டுவதுதான் நம் ஊர் வார இறுதிக் குழுக்களின் தீராத வியாதி.

பருவத்தைப் பின்னாலிருந்து அமையுங்கள். நம் பக்கத்தில் மழை ஓய்ந்த பிறகுள்ள குளிர்ந்த மாதங்களே பந்தயத்துக்கு ஏற்றவை. பருவம் முழுவதற்கும் இலக்கு மூன்று போதும்: சாலையில் ஒன்று, மலையில் ஒன்று, அணி முழுவதும் சேர்ந்து ஓடும் ஒன்று. மற்றவற்றையெல்லாம் பயிற்சி என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஓடுங்கள். தோற்றால் வருத்தம் குறையும், புதியவருக்குத் தலைமை கொடுத்துப் பார்க்கவும் இடம் கிடைக்கும். பெங்களூருவிலேயே நடந்துவரும் பெங்களூரு பைசைக்கிள் சாம்பியன்ஷிப்பில் டைம் ட்ரையல், மலையேற்றம், கிரிட்டீரியம், மண்பாதை என்று எல்லா வகையும் நடந்திருக்கின்றன. விடுப்பு எடுக்காமல் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலத்தை அடித்தளப் பயிற்சிக்கும், ஈர மண்ணில் கையாளும் திறனுக்கும் ஒதுக்குங்கள். கரிசல் மண் பக்கம் மட்டும் மழையில் போகாதீர்கள். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அப்பிக்கொண்டு சைக்கிளை அசையவிடாமல் நிறுத்திவிடும், குச்சியால் நோண்டி எடுப்பதிலேயே பகல் போய்விடும்.

அணி முழுவதும் சேர்ந்து ஓடுவதற்கு 2008 டிசம்பரில் முதன்முதலாக நடந்த டூர் ஆஃப் நீலகிரிஸ் பொருத்தமானது. அது அடிப்படையில் பல நாள் சைக்கிள் பயணம். நடுவில் சில பகுதிகள் மட்டும் நேரம் கணக்கிட்டு ஓடுவதற்கு என்று ஒதுக்கப்படுவது வழக்கம். அதன் பெயரைச் சொன்னாலே ஓட்டக்காரர்கள் கல்லட்டியைத்தான் பேசுவார்கள். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் அந்த மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 36. விபத்துகள் பெருகியதால் வெளியூர் வண்டிகள் அதில் கீழிறங்கத் தடை விதித்திருக்கிறார்கள் என்றால் சரிவு எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளுங்கள். நந்தி மலைக்குப் போதுமான பல்சக்கரம் இங்கே போதாது. முன்னால் 34 பல், பின்னால் குறைந்தது 32 பல் இல்லாமல் போய், பத்தாவது வளைவுக்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களில் நானும் ஒருவன்.

பணத்துக்கு என் வரிசை இது: முதலில் டயர், பிறகு பிரேக் பேட், பிறகு செயின். மலைச் சைக்கிளை டியூப்லெஸ் ஆக்கி உள்ளே துளையை அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றிவிட்டால் முள் குத்தியதை ஓட்டக்காரர் அறியாமலே ஓட்டம் முடிந்துவிடும். குறைந்த காற்றில், எடையைப் பொறுத்து 20 முதல் 25 பிஎஸ்ஐ அளவில், ஓட்டவும் முடியும், அதனால் வேர்களின் மேல் பிடிமானம் கூடும். செயின் நீட்சியை அளக்கும் சிறு அளவுகோல் ஒன்றை அணிக்குப் பொதுவாக வாங்கி, 0.5 விழுக்காட்டைத் தொட்டதும் செயினை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டும் சேர்ந்து தேய்ந்து செலவு பல மடங்காகும். ஒன்பது சைக்கிளுக்கும் ஹேங்கர் ஆளுக்கொன்று கட்டாயம். பெயர் அச்சடித்த ஜெர்சியை அணி முதலில் வாங்குவதும், ஹேங்கரைக் கடைசிவரை வாங்காமலிருப்பதும் எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். சாப்பாட்டுக்கு விலை உயர்ந்த ஜெல்லே வேண்டும் என்பதில்லை. மணிக்கு 60 கிராம் வரை மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. சாலைப் பந்தயத்தில் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் அதைக் கொடுத்துவிடும். மலையில் கையை விட்டு உரித்துத் தின்ன முடியாததால் பாட்டிலில் சர்க்கரையும் உப்பும் கரைத்துக் குடிப்பதே நடைமுறை.

தேசியப் போட்டிகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் மூன்றாவது பருவத்தில் யாராவது ஒருவர் கேட்பார். இந்தியச் சைக்கிள் கூட்டமைப்பின் தேசியச் சாலைப் போட்டியும் மௌண்டன் பைக் போட்டியும் தனித்தனியாக நடக்கின்றன. இரண்டுக்கும் மாநிலச் சங்கத்தின் தேர்வு வழியாகத்தான் போக முடியும். அது எட்டாத கனவும் இல்லை. அமெரிக்காவில் பொறியியல் படிக்கும்போது சைக்கிளில் ஈடுபட்ட பெங்களூருக்காரர் நவீன் ஜான் தேசிய டைம் ட்ரையல் பட்டத்தை வென்று, 2016-இல் தோகாவில் நடந்த உலகச் சாலைப் போட்டியில் அர்விந்த் பன்வாருடன் இந்தியாவுக்காக ஓடினார்.

உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வாரமே ஒன்பது பேரும் உட்கார்ந்து, ஆளுக்கு எத்தனை நாள் விடுப்பு இருக்கிறது, எந்தெந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு விசேஷம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஓடாமல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து பாட்டில் நீட்டப்போகிறவர் யார் என்பதை அதே தாளில் நிரப்புங்கள். மூன்று இலக்குப் பந்தயங்களுக்கும் அந்தக் கட்டம் நிரம்பிய பிறகு பதிவுக் கட்டணம் கட்டலாம்.